மாடிக்கு முன் கிணற்றைப் பார்ப்போம்

சோனகதெரு, பொம்மைவெளி உறவுகளுக்கும், புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் இருந்துகொண்டு "ஊரில் என்ன நடக்குது?" என்று கேட்கும் சொந்தங்களுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள். காணி இருப்பவர்கள் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள்.

சில மாதங்களாகப் பள்ளிவாசல் வாசலிலும் தேத்தண்ணிக் கடையிலும் ஒரே கதைதான். "அந்த வளவு போயிட்டுதாம்", "இந்த மூலைக் காணிக்கு வெளிநாட்டுக் காசு வந்திட்டுதாம்", "ஆறு மாடி வரப்போகுதாம்". விற்றவரைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், விற்காதவரை விசரன் என்பவர்களும் இருக்கிறார்கள். எங்களிடமும் ஒரு தரகர் வந்துவிட்டுப் போனார். அதனால்தான் எழுதுகிறோம்.

யாழ்ப்பாணம் உயர்கிறது. அதை மறுக்க முடியாது. 2013 இல் ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் கட்டடம் வந்தபோது நகரும் படியில் ஏறி இறங்கவே குடும்பம் குடும்பமாகப் போனோம். 2014 ஒக்டோபரில் ரயில் யாழ்ப்பாணம்வரை திரும்பி வந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. நூலகத்துக்குப் பக்கத்தில், புல்லுக்குளத்தோரம், இந்திய அரசின் உதவியில் 11 மாடிக் கலாசார நிலையம் எழுந்தது. 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் மோடி வந்தபோது அடிக்கல் நாட்டினார்கள். 2022 மார்ச்சில் திறந்தார்கள், 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளித்தார்கள், 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயரைச் சூட்டினார்கள். இன்று தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தையும் நூலகக் குவிமாடத்தையும் முந்திக்கொண்டு அதுதான் கண்ணில் படுகிறது. அதைத் தவிர ஹோட்டல்கள், தனியார் ஆஸ்பத்திரிகள், வங்கிகள், ரியூசன் கட்டடங்கள் என்று நாலு, ஐந்து, ஆறு மாடிகள்.

வகுப்பில் பிள்ளைகளிடம் "2040 இல் உங்கள் ஊர்" என்று ஒரு படம் வரையச் சொன்னோம். முக்கால்வாசிப் பேர் வானம் தொடும் கட்டடம் வரைந்தார்கள். ஒரு பிள்ளை தாமரைக் கோபுரத்தையே தூக்கிவந்து கோட்டைக்குப் பக்கத்தில் நட்டிருந்தது. ஒருத்தர்கூடக் கிணறு வரையவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் எங்களிடம் கேட்டதைத்தான் வரைகிறார்கள்.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 1981 குடிசன மதிப்பில் யாழ்ப்பாண மாநகர சபை எல்லைக்குள் இருந்தவர்கள் ஒரு இலட்சத்து 18 ஆயிரம் பேர். 2012 இல் 88 ஆயிரம் பேர். போரில் செத்தவர்கள், வெளிநாடு போனவர்கள், கொழும்பு போனவர்கள், விரட்டப்பட்ட நாங்கள் எல்லாம் அந்த வித்தியாசத்துக்குள் இருக்கிறோம். சனம் குறைந்த நகரத்தில் மாடி ஏன் கூடுகிறது? இருக்க இடமில்லாமல் அல்ல. நகர மத்தியில் காணி விலை ஏறிவிட்டது. வெளியிலிருந்து காசு வருகிறது. வாங்கிய விலைக்குப் பெறுமதி எடுக்க வேண்டுமென்றால் மேலே போகத்தான் வேண்டும். இது யாருடைய சதியும் இல்லை, கொழும்பிலும் சென்னையிலும் நடந்ததுதான். எங்களுக்கு இருக்கும் கேள்வி, இந்த ஓட்டத்தில் எங்கள் தெருவுக்கு என்ன நடக்கும் என்பதே.

எங்கள் கதை உங்களுக்குத் தெரியும். என்றாலும் இளம் பிள்ளைகளுக்காக ஒருமுறை சொல்கிறோம். 1990 ஒக்டோபர் 30. ஒஸ்மானியாவின் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டு வெளியேறச் சொன்னார்கள். நகையும் காசும் உறுதியும் வீதியில் பறிபோயின. முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. 2002 இல் ஏ9 திறந்த பிறகு வந்து பார்த்தவர்கள் கூரையில்லாத வீட்டுக்குள் மரம் வளர்ந்திருப்பதைப் பார்த்தார்கள். 2009 க்குப் பிறகு பலர் வந்து பதிந்தார்கள், சிலர் நின்றார்கள், சிலர் திரும்பிப் போனார்கள். 2012 கணக்கெடுப்பில் யாழ். மாவட்டத்தில் எங்கள் தொகை இரண்டாயிரம் சொச்சம்தான்.

ஏன் எல்லோரும் வரவில்லை? அரசியல் காரணங்கள் ஆயிரம் சொல்லலாம். வீட்டுக்குள் இருக்கும் காரணம் ஒன்று: அன்று ஒரு குடும்பம் விட்டுப்போன வளவுக்கு இன்று ஐந்து குடும்பம் உரிமைக்காரர். வீட்டுத்திட்டம் வந்தபோது முதல் கேள்வி "உங்கள் பெயரில் காணி இருக்கிறதா?" என்பதுதான். அந்தக் கேள்வியிலேயே பலர் நின்றுவிட்டார்கள்.

எங்கள் வீட்டையே உதாரணமாகச் சொல்கிறோம். வாப்பா விட்டுப்போன வளவு 3 பரப்பு, அதாவது 30 பேர்ச்சஸ். உம்மாவும் போய்விட்டா. ஆண்கள் இரண்டு, பெண்கள் மூன்று. மார்க்கச் சட்டப்படி ஏழு பங்கு: ஆண்களுக்கு இரண்டு இரண்டு, பெண்களுக்கு ஒவ்வொன்று. 30 ஐ ஏழால் பிரித்தால் ஒரு பங்கு நாலேகால் பேர்ச்சஸ். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் பொதுவான ஒழுங்குப்படி காணியைத் துண்டாக்க ஒரு துண்டு 150 சதுர மீற்றராவது, அதாவது 6 பேர்ச்சஸ் அளவிலாவது இருக்க வேண்டும். அப்படியென்றால் எங்கள் ராத்தாமாரின் பங்கு கடதாசியில் உண்டு, நிலத்தில் இல்லை. தனியாக எல்லை போட முடியாது, வீட்டுப் பிளானுக்கு அனுமதியும் எடுக்க முடியாது.

தரகர் வருவது இந்த இடைவெளியால்தான். "ஐந்து பேரும் கையெழுத்து வையுங்கோ, காசாகப் பிரியுங்கோ, பிரச்சினை முடிஞ்சுது" என்றார். புத்தளத்தில் வாடகை வீட்டில் இருக்கும் ராத்தாவுக்கு அது இலேசான வார்த்தை இல்லை. மகளுக்குக் கலியாணம் பேசி முடித்து வைத்திருக்கிறா. "உங்களுக்கென்ன, நீங்க ஊரில் சம்பளத்தோட இருக்கிறீங்க. எனக்கு அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தா வயிறு நிறையுமா?" என்று தொலைபேசியில் கேட்டா. அந்தக் கேள்விக்கு உணர்ச்சிப் பேச்சால் பதில் சொல்ல முடியாது. "எங்கள் பூர்வீக மண்" என்று மேடையில் பேசுகிற எல்லோருக்கும் முன்னால் இந்தக் கேள்வியை வைக்கிறோம். விற்காதே என்று சொல்வதென்றால், விற்காமல் அவ எப்படி வாழ்வது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே மூன்றாவது வழி ஒன்றைப் பற்றிக் கதைக்க வேண்டியிருக்கிறது. நிலத்தைத் துண்டாக்க முடியாதென்றால் நாங்களே மேலே கட்டுவது. தொடர்மாடி வேண்டும், வேண்டாம் என்ற பேச்சு எங்களுக்குள் புதிதல்ல. இதைச் சொன்னதும் சிலர் வெறுங்கால் இடையர்கள் உயர்ந்த கட்டடங்களில் போட்டி போடும் காலத்தைப் பற்றிய ஹதீஸை நினைவூட்டுவார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஹதீஸ்தான். விளக்கத்தை உலமாக்களிடம் விடுகிறோம். எங்கள் சிற்றறிவுக்கு அது பெருமைக்காகப் போட்டி போடுவதைப் பற்றிய எச்சரிக்கையாகத்தான் படுகிறது. தங்கச்சிமாருக்கு ஒரு கூரை வேண்டுமென்று மூன்றாம் தட்டுப் போடுவதைப் போட்டி என்று சொல்ல முடியாது.

பெருமை எங்கே, தேவை எங்கே என்று பார்க்கக் கொழும்புக்குப் போகலாம். கொம்பனித்தெருவில் இன்று 68 மாடி அல்டெயர் கட்டடம் பேர வாவியைப் பார்த்துக்கொண்டு சாய்ந்து நிற்கிறது. அதே கொம்பனித்தெருவில் 2010 மே மாதம் மியூஸ் வீதியில் இருந்த குடும்பங்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக இருந்த முஸ்லிம், மலாய்க் குடும்பங்கள். அதற்குப் பிறகு கொழும்பில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்டன. அங்கே இருக்கும் சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். வீடு கிடைத்தது பெரிய விடயம் என்பார்கள். அடுத்த மூச்சில் லிப்ட் பழுதான நாளைப் பற்றி, ஜனாஸாவைப் படியால் இறக்கியதைப் பற்றி, பொதுத் தாழ்வாரத்துக் குப்பையைப் பற்றிச் சொல்வார்கள். கட்டுவது ஒரு தடவை. பராமரிப்பது ஒவ்வொரு மாதமும்.

இனி எங்கள் மண்ணுக்கு வருவோம். யாழ்ப்பாணம் கொழும்பு இல்லை. இங்கே ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால் வேறொன்றும் இல்லை. எங்கள் ஆறு காலுக்குக் கீழே, சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இருக்கிறது. நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு நிலத்துக்குக் கீழே எவ்வளவு பெரிய பொந்துகள் உண்டென்று விளங்கும். மாரி மழை கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே வரும். மேலே எதை ஊற்றினாலும் அது வடியாமல் கீழே போகும். களிமண் மாதிரி வடிகட்டுவதற்குக் கல்லில் ஒன்றும் இல்லை. சுன்னாகத்தில் கழிவெண்ணெய் கிணறு கிணறாகப் பரவிய கதை நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதைப் பற்றிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உரமும் மலக்குழியும்தான் காரணம் என்கிறார்கள்.

யாழ். நகரத்தில் மலக்கழிவைக் கொண்டுபோகும் பொதுக் குழாய் வலையமைப்பு இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குழி. குழி நிரம்பினால் பவுசர். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி விடச் சொல்வார்கள் சுகாதாரப் பரிசோதகர்கள். ஒரு பரப்புக் காணி சதுரமாக இருந்தாலே பக்கம் 52 அடிதான். உங்கள் கிணற்றுக்கும் உங்கள் குழிக்கும் இடையில் 50 அடி விட்டால், உங்கள் குழி பக்கத்து வீட்டுக் கிணற்றின் மதிலடியில் இருக்கும். சோனகதெருவில் பாதிச் சண்டை இதுதானே.

இப்போது அந்த ஆறு மாடியை இந்த நிலத்தில் வைத்துப் பாருங்கள். எங்களிடம் வந்தவர் சொன்ன திட்டம், 3 பரப்பில் 18 வீடு. வீட்டுக்கு நாலு பேர் என்றால் 72 பேர். ஒருவர் நாளுக்கு 120 லீற்றர் பாவிக்கிறார் என்று வைத்தால் 8,640 லீற்றர். 1,000 லீற்றர் கறுப்புத் தாங்கி எட்டரைக்கு மேல், ஒவ்வொரு நாளும். முன்பு அந்த வளவில் ஆறு பேர் இருந்தபோது 720 லீற்றர். பன்னிரண்டு மடங்கு. அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டோம். "அதுக்கு இஞ்சினியர் பார்ப்பார்" என்றார். மேலும் கேட்டதற்கு மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்.

"குழாய்த் தண்ணீர் வந்திட்டுதே, இனிக் கிணறு எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. இரணைமடுத் தண்ணீரைக் கொண்டுவரும் திட்டத்துக்குக் கிளிநொச்சி விவசாயிகள் மறுப்புச் சொன்னார்கள். அவர்கள் பக்கத்து நியாயம் அது. பிறகு தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி 2024 ஓகஸ்டில் திறந்தார்கள். நாளொன்றுக்கு 24 ஆயிரம் கன மீற்றர் எடுக்கலாம். அல்ஹம்துலில்லாஹ், பெரிய உதவி. ஆனால் யோசித்துப் பாருங்கள். குழாயில் வரும் ஒவ்வொரு வாளித் தண்ணீரும் கடைசியில் கழிவாக வெளியே போகத்தான் வேண்டும். உள்ளே வருவதற்குக் குழாய் போட்டாயிற்று. வெளியே போவதற்குப் போடவில்லை. தண்ணீர் தாராளமாக வர வரக் குழி சீக்கிரம் நிரம்பும். மாரியில் நிலத்தடி நீர் மேலே வரும்போது குழியும் கிணறும் ஒன்றையொன்று சந்திக்கும். பொம்மைவெளிச் சனத்துக்கு இதை நாங்கள் சொல்லத் தேவையில்லை. வெள்ளம் வந்தால் எது எங்கே மிதக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று நெருப்பு. 2017 ஜூன் 14 அதிகாலை லண்டனில் 24 மாடி கிரென்பெல் கட்டடம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். அது ரமழான் மாதம். ஸஹருக்காக விழித்திருந்தவர்கள் கதவைத் தட்டி அயலவர்களை எழுப்பியதாக அன்று செய்திகள் வந்தன. பணக்கார நாட்டில், தீயணைப்பு வாகனம் நிமிடத்தில் வரும் நகரத்தில் நடந்தது இது. வெளிச்சுவரில் ஒட்டிய மலிவான தகடு நெருப்பை மேலே மேலே ஏற்றியது. எங்கள் ஒழுங்கைகளில் தீயணைப்பு வண்டி திரும்புமா? மாநகர சபையின் ஏணி எத்தனையாம் மாடிவரை எட்டும்? அனுமதிக்குக் கையெழுத்து வைக்க முன் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் இவை.

சரி, என்ன செய்யலாம்? வாத்தியார்மார் என்பதால் கேள்வியோடு விட முடியாது. எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம்.

முதலாவது, விற்கத்தான் வேண்டும் என்றால் வெளியே போக முன் உள்ளே கேளுங்கள். மார்க்கத்தில் ஷுஃப்ஆ என்று ஒரு உரிமை உண்டு. கூட்டுக் காணியில் ஒருவர் தன் பங்கை விற்றால், வெளியாளுக்கு முன் மற்றப் பங்காளிக்கு அதை வாங்கும் உரிமை. ஆச்சரியம் என்னவென்றால், எங்கள் தமிழ் அயலவர்களின் தேசவழமையிலும் இதே உரிமை இருக்கிறது. 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் பதித்த வழக்கம் அது. 1947 இல் தனிக் கட்டளைச் சட்டமாகவும் வந்தது. வடமாகாணக் காணியாக இருந்தால் முஸ்லிமின் காணிக்கும் அது பொருந்தும் என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். நொத்தாரிசிடம் போகும்போது இதைக் கேளுங்கள். இரண்டு சமூகமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒரே நியாயத்தைக் கண்டுபிடித்திருக்கின்றன. அதைப் பாவிக்காமல் விடுவது எங்கள் நட்டம்.

இரண்டாவது, பெண்களின் பங்கு. "தங்கச்சி விட்டுக் கொடுத்திட்டா" என்ற வசனத்தை அடிக்கடி கேட்கிறோம். அவ வாயால் சொன்னாவா, நாங்கள் சொல்ல வைத்தோமா? நாலேகால் பேர்ச்சஸ் என்றாலும் அது அல்லாஹ் பிரித்த பங்கு. கட்டடம் கட்டினாலும், காசாகப் பிரித்தாலும், அவவின் பெயர் உறுதியில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, மேலே கட்டுவதென்றால் படியால் ஏறி இறங்கக்கூடிய உயரத்தோடு நில்லுங்கள். மூத்தம்மா ஏற முடியாத வீடு எங்களுக்கு வீடில்லை. பக்கத்துப் பக்கத்து வளவுக்காரர் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் ஒரே படிக்கட்டு, ஒரே கழிவுச் சுத்திகரிப்புத் தொட்டி, நடுவில் பிள்ளைகள் விளையாட ஒரு முற்றம் வைக்கலாம். 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி மாடி வீட்டுக்கும் தனித்தனி உறுதி எடுக்கலாம். பொதுப் பகுதிகளைப் பராமரிக்க ஒரு முகாமைக் குழுவும் அமைக்கலாம். ராத்தாவுக்கு அப்படி ஒரு உறுதி கையில் வந்தால் வாடகைக்கு விடலாம், வங்கியில் வைக்கலாம், மகளுக்குக் கொடுக்கலாம். மண்ணைப் பார்த்துக்கொண்டு பசியோடு இருக்கத் தேவையில்லை.

நாலாவது, உங்கள் பக்கத்தில் யார் கட்டினாலும், அது எங்கள் ஆளாக இருந்தாலும் வெளியாளாக இருந்தாலும், அனுமதிக்கு முன் இவற்றைக் கேளுங்கள்: கழிவு எங்கே போகிறது? மழைத் தண்ணீர் எங்கே போகிறது? மண்ணும் கல்லும் பரிசோதிக்கப்பட்டதா? தீயணைப்பு வண்டிக்கு வழி இருக்கிறதா? குடிபுக முன் இணக்கச் சான்றிதழ் எடுக்கப்படுமா? கேட்பதற்கு வெட்கம் வேண்டாம். இவை பகைக் கேள்விகளும் இல்லை. கிணறு பொது என்பதால் கேள்வியும் பொது.

ஐந்தாவது, பள்ளிவாசல் நிர்வாகமும் படித்த பெடியளும் சேர்ந்து ஒரு பதிவேடு தொடங்கலாம். எந்த வளவு, எத்தனை உரிமைக்காரர், எங்கே இருக்கிறார்கள், உறுதி இருக்கிறதா, தொலைந்ததா, விற்கும் எண்ணமா, கட்டும் எண்ணமா. இது யாரையும் தடுக்க அல்ல. பக்கத்து வளவுக்காரர் புத்தளத்தில் இருப்பதும், அவரும் இதையே யோசித்துக்கொண்டிருப்பதும் எங்களுக்குத் தெரியாமல் இருப்பதால்தான் தரகர் ஒவ்வொருவராகப் பிரித்து வாங்குகிறார்.

எங்கள் வீட்டு விடயம் இன்னும் முடியவில்லை. ராத்தாவிடம் ஆறு மாதத் தவணை கேட்டிருக்கிறோம். கலியாணச் செலவில் ஒரு பகுதியை மற்ற நாலு பேரும் பொறுப்பெடுத்திருக்கிறோம். அதை அவவின் பங்கில் கழிக்கப் போவதில்லை. மேற்கு மதில் அயலவரோடு கதைத்திருக்கிறோம். அவர் தமிழர். எங்கள் கிணற்றில் தண்ணி அள்ளி வளர்ந்தவர். "நீங்க கட்டினா நானும் சேருறன், குழியை மட்டும் என்ர கிணத்துப் பக்கம் வைக்காதீங்கோ" என்றார். நியாயமான நிபந்தனை. ஆறு மாதத்துக்குள் ஒரு பிளானும் கணக்கும் வராவிட்டால் ராத்தா விற்கச் சொல்லும்போது எங்களால் மறுத்துப் பேச முடியாது. அதையும் அவவிடம் சொல்லியிருக்கிறோம்.

வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு வளவுக்காரர்கள் கொஞ்சம் நின்று கதைப்போம். உறுதியின் போட்டோப் பிரதி இருந்தால் கொண்டுவாருங்கள். வெளியூரில் இருப்பவர்கள் உங்கள் வளவின் விபரத்தை எங்களுக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், பொதுவில் போட வேண்டாம். நில அளவை, கட்டட வரைவு, சட்டம் தெரிந்த பழைய மாணவர்கள் யாராவது ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் பெரிய ஸதகா.